நூல் சுற்றிய ஸ்டியரிங்

சாப்பிட உட்காரும் முன் பாஸ்கல் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து ஒரு தடவை பார்ப்பான். பார்த்த பிறகுதான் கை கழுவப் போவான். இந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று அவனைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பிளாரன்ஸுக்குத் தெரியும். விரல்கள் தொடங்கும் இடத்துக்குக் கீழே, உள்ளங்கையின் குறுக்காக, காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறத்தில் ஒரு பட்டை ஏறியிருக்கும். சோப்புப் போட்டாலும் முழுக்கப் போகாது. ஆடி மாதத்தில் அழுத்தமாக இருக்கும். கிறிஸ்துமஸ் வாக்கில் வெளிறும். ஈஸ்டருக்கு முந்தைய தவசு காலம் முடிவதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அது வெளிற வெளிற, வண்டியின் ஸ்டியரிங்கில் சுற்றிய நூல் தேய்ந்துவருகிறது என்று பிளாரன்ஸ் குசினி வாசலில் நின்றபடியே கணக்குப் பண்ணிக்கொள்வாள். அந்த நூலைச் சுற்றியவள் அவள்தான்.

வண்டி பழைய மோரிஸ். சங்கு வியாபாரி ஒருவர் வைத்திருந்தது. அவரிடம் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவன் பாஸ்கல். வியாபாரி புது அம்பாசிடர் வாங்கியபோது மோரிஸ் இவன் கைக்கு வந்தது. அன்றிலிருந்து வாடகைக்கு ஓட்டுகிறான். தூத்துக்குடி ரயிலடியில் நாலைந்து பிளஷர் கார்கள் வரிசையாக நிற்கும். மற்றவையெல்லாம் அம்பாசிடராக மாறிய பிறகும் இவனுடையது மட்டும் முதுகு வளைந்து, ஆமை மாதிரி கடைசியில் நிற்கும். அதற்கென்று வருகிற ஆட்களும் உண்டு. கல்யாணப் பெண்ணைக் கோயிலுக்குக் கூட்டிப்போக மோரிஸ்தான் வேண்டும் என்பார்கள்.

கடற்கரை ஊரில் இரும்பே நிற்காது. ஸ்டியரிங்கின் கறுப்பு மேல்பூச்சு எம்மாத்திரம். முதலில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு விழுந்தது. அப்புறம் பனிக்காலத்து உதடு மாதிரி வளையம் முழுக்க வெடித்தது. ஒருநாள் ஒரு சில்லு பெயர்ந்து பாஸ்கலின் கையைக் கிழித்தது. அவன் பழைய வேட்டித் துண்டைச் சுற்றி ஓட்டினான். துணி நழுவியது, வியர்வையில் நாறியது.

பிளாரன்ஸ் பெரியதாழையில் பிறந்தவள். அங்கே அவள் வீட்டுப் பெண்களெல்லாம் கிழிந்த வலை பொத்துகிறவர்கள். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி அவளையும் வலையடியில் உட்கார வைத்துவிட்டார்கள். பேச்சு அவளுக்குக் கையில்தான் இருந்தது. புருஷன் கையில் காயக் கட்டைப் பார்த்த மறுநாள் பருத்தி நூல் ஒரு கண்டு வாங்கி, புளியங்கொட்டைத் தோலைக் கொதிக்க வைத்த சாயத்தில் ஊறப்போட்டாள். அப்போதே நைலான் நூல் வந்துவிட்டது. ஆனால் நைலான் கைக்கு வழுக்கும். நூல் காய்ந்ததும் பாஸ்கலிடம், “வண்டிச் சாவியத் தாரீயளா?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“ஸ்டியரிங்குல சுத்தணும்.”

அவன் சாவியைக் கொடுத்தான். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் ஆடியில், பனிமய மாதா கோயிலில் கொடி ஏறுவதற்கு முந்தைய நாள் மத்தியானம், அவள் பழைய நூலை அறுத்துவிட்டுப் புது நூல் சுற்றுவாள். தெருவின் பூவரசு நிழலில் வண்டி நிற்கும். பாஸ்கல் சாப்பிட்டுப் படுத்திருப்பான். அவள் டிரைவர் சீட்டில் ஏறி, கதவைத் திறந்து வைத்து, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்வாள். வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் இறங்கமாட்டாள். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். தெருக்கோடியில் இருக்கும் சுவரும் அதன்மேல் ஒட்டிய சுவரொட்டியும்தான் தெரியும். அவன் நாளெல்லாம் பார்க்கிற கண்ணாடி அது. அவளுக்கு அது போதுமாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அதுதான் கிடைத்தது.

வாடகை டிரைவரின் பெண்டாட்டி புருஷன் வண்டியில் போவது நடக்கிற காரியம் இல்லை. திருவிழா என்றால் ஊரே வண்டி கேட்கும், டிரைவர் வீட்டுக்காரர்கள் நடந்து போவார்கள். கல்யாணம், சாவு, எதுவானாலும் அப்படித்தான். மகள் இசபெல்லா பிறக்கும் நேரத்தில் மோரிஸ் திருச்செந்தூர் சவாரியில் இருந்தது. பிளாரன்ஸ் ஆஸ்பத்திரிக்குக் குதிரை வண்டியில் போனாள். புருஷன் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து அவன் ஓட்டுவதை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குக் காரணம் இருந்தது. வீட்டில் பாஸ்கல் பேசமாட்டான். கோபக்காரன் இல்லை, குடிகாரன் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வான், அவ்வளவுதான். ஆனால் பூசை முடிந்து வரும்போது பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு, “ஒன் வீட்டுக்காரரு வாய்க்கு வரி போடணும் பிளாரன்ஸ்! ஏரல் போயிட்டு வாறதுக்குள்ள சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சிட்டு” என்பார்கள். அவன் சொன்ன கதையை அவளுக்கே திருப்பிச் சொல்வார்கள். பிளாரன்ஸ் ஏற்கெனவே கேட்டதுபோலச் சிரித்துவைப்பாள். யாரைச் சொல்கிறார்கள் என்று உள்ளுக்குள் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வருவாள். வீட்டில் அவன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தச் சிரிப்புக்காரன் வண்டிக்குள் மட்டும் இருக்கிறான், அவன் கை தொடுகிற இடத்தில் தன் நூல் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் அவள் வருஷங்களை ஓட்டினாள்.

புதுத் துறைமுகத்தில் கப்பல் வரத் தொடங்கிய மறு வருஷம், வண்டி ஓடத் தகுதி என்று சான்று தரும் எஃப்.சி. வாங்கப் போன பாஸ்கல் வெறுங்கையோடு திரும்பினான்.

“ஸ்டியரிங்க மாத்தணுமாம்” என்றான் சாப்பாட்டின் முன் உட்கார்ந்து.

“ஏன்பா?” என்றாள் இசபெல்லா. அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா பேசாததற்கும் சேர்த்து அவள் பேசுவாள்.

“நூல் சுத்துனது ஆகாதாம். புதுசா வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் அவுத்துப் பாத்தாரு, உள்ள பூராம் வெடிப்பு. கேக்காரு, ‘ஏம்ப்பா, இது காரா, கட்டுமரமா?’ன்னு.”

இசபெல்லாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “நீங்க என்ன சொன்னீய?”

“தண்ணியில இன்னும் விட்டுப் பாக்கல சார்னேன்.”

இசபெல்லா மறுபடியும் சிரித்தாள். பிளாரன்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். ரோட்டில் பேசுகிறவன் ஒரு நொடி வீட்டுக்குள் தலையை நீட்டியது போல இருந்தது. அதற்குள் அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டான்.

“எம்மா, ஒனக்கு வேலை மிச்சம்” என்றாள் இசபெல்லா.

“ஆமா” என்றாள் பிளாரன்ஸ். குழம்புச் சட்டியை இறக்குவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மெக்கானிக் அய்யாக்குட்டி ஏரல்காரன். தூத்துக்குடியில் பட்டறை போட்டிருக்கிறான். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: “மோரிசுக்கு ஒரிஜினல் ஸ்டியரிங்குக்கு இனி எங்க போறது அண்ணாச்சி? கொழும்புல வேணா கெடைக்கும். அங்க இன்னும் இந்த வண்டிதான் ஓடுது. இல்லையா, அம்பாசிடர் ஸ்டியரிங்க மாட்டிருவோம். ரெண்டும் ஒரே வம்சம். அங்கன இங்கன கொஞ்சம் அரம் போட்டா உக்காந்துக்கும்.”

பாஸ்கலுக்கு மனது கேட்கவில்லை. “மோரிசுக்கு மோரிஸ் ஸ்டியரிங்தான்” என்றான். பிளாரன்ஸின் அண்ணன் பர்னபாஸ், கொழும்புக்கு வெங்காயமும் கருவாடும் ஏற்றிப்போகும் பாய்மரத் தோணியில் தண்டல். தோணிக்குத் தலைவன். அந்த வாரம் புறப்பட இருந்தவனிடம் சொல்லி அனுப்பினார்கள்.

தோணி திரும்பும் வரை மோரிஸ் பூவரசு அடியில் நின்றது. எஃப்.சி. இல்லாமல் சவாரி ஏற்ற முடியாது. பாஸ்கல் வீட்டில் இருந்தான். கல்யாணமானதிலிருந்து அவன் இத்தனை நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருந்ததே இல்லை. பிளாரன்ஸ் காப்பி போட்டுக் கொடுத்தாள், வெந்நீர் வைத்தாள், அவன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அரிசி புடைத்தாள். அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ரயில் ஊதும் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிட்டு மறுபடியும் உட்கார்வான். சாயங்காலம் தோணித்துறைக்கு நடந்து போய் பாய் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வருவான். கை நன்றாக வெளுத்துவிட்டது. ஆனாலும் சாப்பிடும் முன் விரித்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை.

‘ஒரு கதை சொல்லுங்களேன்’ என்று கேட்க அவள் எத்தனையோ தடவை வாயெடுத்தாள். புருஷனிடம் போய் அப்படிக் கேட்பார்களா என்று வெட்கமாக வந்தது.

ஒரு காலையில் தெருவில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். பர்னபாஸ் ஸ்டியரிங்கை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தான்.

“மச்சான், இந்தாரும், ஒம்ம சுக்கான்! சுங்கத்துல கேட்டான், என்னவே இதுன்னு. என் தங்கச்சி மாப்பிள்ளைக்கு மாலைன்னேன். கொண்டு போன்னுட்டான்.”

கறுகறுவென்று மின்னியது ஸ்டியரிங். நடுவில் மோரிஸ் முத்திரை அழியாமல் இருந்தது. பாஸ்கல் அதைக் கையில் வாங்கி, திருப்பி, முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தான். பச்சைப்பிள்ளையை வாங்குகிறவன் மாதிரி இருந்தது பிளாரன்ஸுக்கு. அவளிடம் நீட்டினான். “பத்திரமா வைளா. அய்யாக்குட்டி ஊருக்குப் போயிருக்கான். வந்ததும் மாட்டிரலாம்.” சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ரயிலடிப் பக்கம் போனான், வண்டி கிளம்பப் போகிறது என்று சொல்ல.

பர்னபாஸ் குசினியில் காப்பி குடித்துக்கொண்டே தங்கச்சியைப் பார்த்தான். “பத்திரம்னா சும்மா வெச்சிராத. பழசு உப்புக்காத்துலதானே வெடிச்சுது? இதும் வெடிக்கும்.”

“அதுக்கு என்ன செய்யணும்?”

“தோணிக்கு என்ன செய்வோம்? சுறா எண்ணெயில குங்கிலியத்தப் போட்டுக் காய்ச்சி, சூட்டோட பூசு. ரெண்டு பூச்சு. வெயில்ல காய வை. பத்து வருசத்துக்குக் கேக்காது.”

“இது மரம் இல்லையேண்ணே.”

“மரமா இருந்தா என்ன, ரப்பரா இருந்தா என்ன, காத்துக்கு எல்லாம் ஒண்ணுதான். எந்தோணியில நான் பூசாத சாமான் கெடையாது. என் டிரங்குப் பெட்டிக்கே பூசியிருக்கேன்.”

எண்ணெய்த் தகரத்தையும் குங்கிலியப் பொட்டலத்தையும் அவனே அனுப்பி வைத்தான்.

பிளாரன்ஸ் அன்று முழுக்க யோசித்தாள். மடியில் ஸ்டியரிங்கை வைத்துத் தடவிப் பார்த்தாள். வழவழவென்று, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. இனிமேல் கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் அவளுக்கு அந்த வண்டியில் வேலை இல்லை. இது வெடித்தால்தான் வேலை. வெடித்தாலும் நூல் சுற்ற முடியாது, இன்ஸ்பெக்டர் விடமாட்டார். இவ்வளவும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் அவன் கையைக் கிழித்த அந்தச் சில்லு அவள் நினைவுக்கு வந்தது. வெடிக்காமல் இருக்கட்டும் என்றுதான் மறுநாள் காலையில் அடுப்பைப் பற்ற வைத்தாள். தன் கையால் இதற்கு ஏதாவது செய்தோம் என்றும் இருக்கும்.

எண்ணெய் கொதித்த வாடை தெரு முழுக்கப் போனது. சூட்டோடு தடவினாள். இரண்டு பூச்சு. மாடியில் வெயில் விழும் இடமாகப் பார்த்து இரண்டு செங்கல்லின்மேல் வைத்தாள்.

மத்தியானம் போய்ப் பார்த்தபோது ஸ்டியரிங் வட்டமாக இல்லை. செங்கல் இல்லாத நடுப்பகுதியில் கறுப்பெல்லாம் இளகித் தொங்கியிருந்தது. காக்காய் இறகு ஒன்று ஒட்டியிருந்தது. தொட்டால் விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாள். துணியோடு கறுப்பும் வந்தது. அடியில் ஊறிய சோப்பு மாதிரி கொழகொழவென்று இருந்தது. இன்னும் துடைத்தால் உள்ளே இருக்கிற கம்பிதான் மிஞ்சும்.

இசபெல்லா பள்ளிக்கூடம் விட்டு வந்து எட்டிப்பார்த்தாள். “எம்மா! இதுல ஈ ஒட்டிச் செத்துக் கெடக்கு.”

பிளாரன்ஸ் அதை முறத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். ஒளித்து வைக்கவில்லை. பாஸ்கல் உட்காரும் இடத்துக்கு நேரே வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

அவன் வந்தான். பார்த்தான். குனிந்து ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான்.

“எவன் சொன்னான் இதைப் பூசச் சொல்லி?”

“யாரும் சொல்லல. நானாத்தான்.”

“மாமாதான் சொன்னாரு” என்றாள் இசபெல்லா.

“ஏளா, நீ சும்மா கெட.” பாஸ்கல் பெண்டாட்டியைப் பார்த்தான். “ஏன் பூசின?”

“பழசு மாதிரி வெடிச்சிரும்னு.”

“வெடிச்சா என்ன? நீதான் நூல் சுத்துவியே.”

“சுத்தக் கூடாதுன்னுட்டாரே” என்றாள் பிளாரன்ஸ். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஊதினாள்.

அவன் சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தாள். போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் திகைத்தவன் மாதிரி அந்த முறத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அய்யாக்குட்டி வந்து முதலில் மூக்கைத்தான் பிடித்தான். “என்ன மயினி, ஸ்டியரிங்கக் கருவாடு போட்டுட்டியளா?”

“ஏலே, மாட்டுற வேலையப் பாரு” என்றான் பாஸ்கல்.

“எதை மாட்ட? இதையா? இதப் புடிச்சா சாயங்காலம் கைய எடுக்க நான்தான் வரணும் அண்ணாச்சி.”

கடைசியில் அம்பாசிடர் ஸ்டியரிங்தான் வந்தது. அய்யாக்குட்டி நடுவில் இருந்த நட்டைக் கழற்றி, வளையத்தை இரண்டு பக்கமும் தட்டித் தட்டி அசைத்து, பழைய ஸ்டியரிங்கை உருவி எடுத்தான். இன்ஸ்பெக்டர் அவிழ்த்துப் பார்த்த இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது. மற்ற இடமெல்லாம் கெட்டியாக இருந்தது. பிளாரன்ஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். தான் செய்த காரியத்துக்கு மன்னிப்புக் கேட்க வந்த பர்னபாஸ் அந்தப் பழைய ஸ்டியரிங்கை எடுத்துத் தோளில் மாட்டினான். “கூட்டாளி ஒருத்தன் புது லாஞ்சு கட்டுதான். அதுக்கு ஆகும். தண்ணியில எந்த இன்ஸ்பெக்டர் வாரான்?” வேண்டாம், இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்ல பிளாரன்ஸ் வாசலுக்கு வந்தாள். அதற்குள் அவன் தெருக்கோடி திரும்பிவிட்டான்.

அம்பாசிடர் ஸ்டியரிங் இறுக்கமாக உட்கார்ந்தது. அய்யாக்குட்டி கையைத் துடைத்தான். “நேரான ரோட்டுல ஓட்டிப் பாருங்க. வண்டி நேரா போகையில வளையத்துக்கு நடுவுல உள்ள இந்தக் கம்பி ரெண்டும் சரிமட்டமா நிக்கணும். சாஞ்சு நின்னா ஒரு பல்லு தள்ளி உக்காந்திருக்குன்னு அர்த்தம். மறுபடி கழத்தி மாட்டிரலாம். எனக்குப் பட்டறையில ஆள் நிக்கி.” அவன் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

பாஸ்கல் வண்டிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். பிறகு வாசலைப் பார்த்து, “ஏளா பிளாரன்ஸ், வா” என்றான்.

“எங்க?”

“நான் ரோட்டப் பாக்கணும். ஸ்டியரிங்கப் பாக்க ஒரு ஆள் வேணும்லா.”

“நான் வாரேன்பா!” என்று ஓடி வந்தாள் இசபெல்லா.

“நீ பேசிக்கிட்டே வருவ. ஒங்கம்மதான் ஸ்டியரிங்கப் பாப்பா.”

பிளாரன்ஸ் சேலையை மாற்றவில்லை. மாற்றப் போனால் அவன் வேறு யாரையாவது கூப்பிட்டுவிடுவானோ என்று இருந்தது. செருப்பைக்கூடப் போடாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தத் தெரியவில்லை. அவன் அவளைத் தாண்டிக் கையை நீட்டி இழுத்துச் சாத்தினான்.

துறைமுகத்துக்குப் போகிற புது ரோடு உப்பளங்களுக்கு நடுவே கோடு போட்ட மாதிரி நேராகக் கிடக்கும். தெரு தாண்டி அந்த ரோட்டில் ஏறும் வரை பாஸ்கல் வாய் திறக்கவில்லை. ஏறியதும் எதிரே உப்பு லாரி ஒன்று வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.

“என்ன பாஸ்கலண்ணே, யாரு சவாரி?”

“வீட்டு ஆளுடே! வாடகை கேட்டா மொறைக்கா!”

லாரிக்காரன் சிரித்துக்கொண்டே போனான். பிளாரன்ஸுக்குக் காதுவரை சூடேறியது. பாஸ்கல் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டான். இந்த லாரிக்காரன் மாமியார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் ஹார்ன் அடிக்காமல் போவான் என்றான். அதோ அந்தப் பாத்தியில் உப்பு வாருகிற கிழவர் பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு, மழை வந்தால் மட்டும் குடை தேடுவார் என்றான். ரோட்டில் குறுக்கே வந்த கழுதையிடம், “அண்ணாச்சி, எங்கன போகணும்? ஏறுதியளா?” என்று கேட்டான். பிளாரன்ஸ் முதலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். பூசை முடிந்து வரும் பெண்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். இந்த ஆள் இத்தனை வருஷமாக இங்கேதான் இருந்திருக்கிறான்.

சிரித்துக்கொண்டே இருந்தவள், பார்க்க வந்த வேலை நினைவுக்கு வந்து, ஸ்டியரிங்கைப் பார்த்தாள். கம்பியைப் பார்ப்பதற்கு முன் அவன் கைதான் கண்ணில் பட்டது. வலதுகைக் கட்டைவிரல் வளையத்தின் உச்சியில் போகிறது, எதையோ தடவுகிறது, கீழே வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மேலே போகிறது.

“என்ன தேடுதிய?” என்றாள்.

“நானா? ஒண்ணுமில்லையே.”

“வெரல் தேடுதே.”

அவன் தன் கையையே பார்த்தான். வண்டி மெதுவானது. “இங்கன ஒரு முடிச்சு இருக்கும்” என்றான்.

“நான்தான் போடுவேன். கீழ போட்டா மடியில உரசும்னு கடைசி முடிச்ச உச்சியில போடுவேன்.”

“அத வச்சுத்தான் நேரா போகுதான்னு பாப்பேன் போலிருக்கு. மழையில கண்ணாடி மறைக்கையில, பேச்சுல கவனம் போகையில, வெரல் அங்க போயிரும். முடிச்சு மேல இருந்தா சக்கரம் நேரா இருக்குன்னு அர்த்தம்.”

“இவ்வளவு நாளும் சொல்லவே இல்லையே.”

“எனக்கே தெரியாதுல்லா. இல்லாமப் போகவும்தான் தெரியுது.”

இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் வெள்ளையாகக் கண்ணைக் கூசச்செய்தது. ஒரே ஒரு முடிச்சு, கண்ணுக்குத் தெரியாத மாதிரி போட்டுத் தரட்டுமா என்று பிளாரன்ஸ் கேட்க நினைத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

“முடிச்சப் போட்டு இன்ஸ்பெக்டருகிட்ட மறுபடியும் திட்டு வாங்க முடியாது. நீ கம்பியப் பாரு. எப்படி நிக்கி?”

“இடதுபக்கம் கொஞ்சம் சாயுது.”

“நெசமாவா?”

“ஆமா. விரல்கடை அளவு.”

“அப்ப ஒரு பல்லு தள்ளித்தான் மாட்டியிருக்கான், படவா.” வண்டியைத் திருப்பினான். திரும்பி வரும்போதும் பேசினான். பட்டறை வாசலில் நிறுத்தி அய்யாக்குட்டியை வம்புக்கு இழுத்தான். “மோரிசுக்கும் அம்பாசிடருக்கும் கல்யாணம் பண்ணி வைக்கச் சொன்னா, மாப்பிள்ளைய சாய்ச்சு உக்கார வெச்சிருக்கியேடே” என்றான். அய்யாக்குட்டி ஸ்டியரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டி முடிக்கும் வரை பிளாரன்ஸ் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். இறங்கச் சொல்லிவிடுவார்களோ என்று யாரையும் பார்க்காமல் இருந்தாள்.

வண்டி தங்கள் தெருவுக்குள் திரும்பியது. பூவரசு தெரிந்தது. பாஸ்கல் ஒரு கதையின் பாதியில் இருந்தான். ஏரலில் யாரோ ஒருவர் கோழியை டிக்கியில் போட்டு மறந்துபோன கதை. தெருவுக்குள் சக்கரம் வைத்ததும் அவன் குரல் குறைந்தது. வீட்டு வாசலுக்கு வருவதற்குள் நின்றேவிட்டது. அவன் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கோழிக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்கலாம். கேட்டால் வீட்டுக்குள் வைத்துச் சொல்வானா என்று தெரியவில்லை.

அவன் இறங்கப் போனான். பிளாரன்ஸ் இறங்கவில்லை.

“இப்ப மாட்டுனது நேரா நிக்குதான்னு பாக்கண்டாமா?” என்றாள். கல்யாணமானதிலிருந்து அவனிடம் அவள் கேட்ட முதல் காரியம் இதுதான் என்று சொன்னால் கொஞ்சம்தான் மிகை.

பாஸ்கல் ஒரு காலைத் தரையில் வைத்தபடி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு காலை உள்ளே எடுத்துக்கொண்டான்.

“பாக்கணும்லா” என்றான். வண்டியைப் பின்னால் எடுத்தான்.

அது நடந்து வருஷம் மூன்றாகப் போகிறது. வண்டிக்கு எஃப்.சி. கிடைத்துவிட்டது. அம்பாசிடர் ஸ்டியரிங் நேராகத்தான் இருக்கிறது. ஆனாலும் சவாரி இல்லாத சாயங்காலங்களில் அதைச் சரிபார்க்கிறோம் என்று இருவரும் உப்பளத்து ரோடு வரை போய் வருகிறார்கள். துறைமுகம் பெருத்த பிறகு சவாரி இல்லாத சாயங்காலம் அதிகம் வாய்ப்பதில்லை.